கோடாலித் தைலமா, புனுகா: லூட்டென்ஸின் இரண்டு சென்ட்களுக்கு நடுவே

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் இருக்கும் உங்கள் அக்கா அடுத்த மாதம் சென்னை வருகிறார். ஒரே ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வரச் சொல்லலாம். செர்ஜ் லூட்டென்ஸ் கடையில் ‘ட்யூபெரூஸ் கிரிமினெல்’, ‘மஸ்க் குப்லாய் கான்’ இரண்டும் இருப்பதாக அவர் பார்த்துச் சொல்லிவிட்டார். நீங்கள் இரண்டையும் முகர்ந்ததில்லை. படித்ததெல்லாம் ஒன்றோடொன்று மோதுகிறது. முதலாவதை ஒருவர் பல் டாக்டர் அறை என்கிறார், இன்னொருவர் உலகிலேயே அழகான பூ வாசம் என்கிறார். இரண்டாவதை ஒருவர் குதிரை லாயம் என்கிறார், இன்னொருவர் குளித்துத் துவட்டிய குழந்தையின் கழுத்து என்கிறார். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “ஆபீஸில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது, எனக்கும் பணம் வீணாகக் கூடாது” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கொங்குப் பக்கம் பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் வேலையில் இருக்கிறேன். தினமும் காலையில் காகிதப் பட்டைகளைத் தொட்டு முகர்ந்து, நேற்றைய சரக்கும் இன்றைய சரக்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இந்த இரண்டு சென்ட்களையும் பல வருடம் போட்டிருக்கிறேன். இவற்றின் ஃபார்முலா என் கையில் இல்லை. பொதுவாக எந்த நிறுவனமும் அதை வெளியே தருவதில்லை, ‘இதில் இன்னின்ன இருக்கிறது’ என்று நீங்கள் படிக்கும் பட்டியல்கள் ஃபார்முலா ஆகாது. அதனால் மூலப்பொருள் பற்றிப் பேசும் இடத்தில் தொழிலாகத் தெரிந்ததையும், இந்தப் பாட்டில்களைப் பற்றிப் பேசும் இடத்தில் என் மூக்கு சொல்வதையும் பிரித்தே சொல்கிறேன்.

இரண்டும் ஒரே கூட்டணியின் பிள்ளைகள். செர்ஜ் லூட்டென்ஸ் பிரெஞ்சுக்காரர். புகைப்படம், ஒப்பனை என்று தொடங்கி 1980இல் ஜப்பானின் ஷிசைடோ நிறுவனத்தோடு சேர்ந்தார். 1992இல் பாரிஸின் பாலே ரோயால் தோட்டத்தை ஒட்டிய நடைபாதையில் அவருக்காகவே ஒரு சென்ட் கடை திறக்கப்பட்டது. பெரும்பாலான சென்ட்களைச் சேர்த்துக் கட்டியவர் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக். ‘மஸ்க் குப்லாய் கான்’ 1998இல் வந்தது, ‘ட்யூபெரூஸ் கிரிமினெல்’ 1999இல். பெரிய நிறுவனங்கள் நூறு பேரிடம் முகரக் கொடுத்து யாருக்கும் பிடிக்காமல் போகாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் ஒரு மூலப்பொருளின் முரட்டு முகத்தை மறைக்காமல் முன்னால் நிறுத்தினார்கள். மக்கள் இரண்டாகப் பிரிவதற்குக் காரணம் இதுதான். ஆனால் முரட்டுத்தனம் இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. உங்கள் தேர்வு அதைப் பொறுத்தே இருக்கிறது.

பூவிலிருந்து தொடங்குகிறேன். ட்யூபெரூஸ் என்பது நம் சம்பங்கி. பூ மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் கொட்டிக் கிடக்கிறதே, மாலைக்குக் கட்டுகிறோமே, அதே வெள்ளைப் பூ. சொந்த ஊர் மெக்சிகோ. ஒரு காலத்தில் தெற்கு பிரான்ஸின் கிராஸ் நகரத்தைச் சுற்றி நிறையப் பயிரிட்டார்கள். இப்போது உலகச் சந்தைக்குப் போகும் சம்பங்கிச் சாற்றில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, அதிலும் சத்தியமங்கலம் போன்ற நம் பக்கத்து ஊர்களிலிருந்து போகிறது. விடியற்காலையில் பறித்த மொட்டு அன்றைக்கே ஆலைக்கு வந்தாக வேண்டும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் ஆயிரம் கிலோ பூவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மெழுகு போன்ற கான்கிரீட் கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகைப் பிரித்தபின் மிஞ்சுவது அப்சல்யூட். அளவு இன்னும் குறைந்துவிடும்.

அந்த அப்சல்யூட் பாட்டிலை முதன்முதலில் திறப்பவர்கள் பெரும்பாலும் பின்வாங்குவார்கள். பூ எங்கே என்று கேட்பார்கள். முதலில் வருவது தைல நெடி. அதற்குக் காரணம் மீதைல் சாலிசிலேட். நம் வீட்டுக் கோடாலித் தைலத்திலும் தசைவலிக் களிம்புகளிலும் இருப்பது அதுதான். ஊட்டி கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறத்தாழ முழுக்க அதுவேதான். சம்பங்கிப் பூவுக்குள் அது இயற்கையாகவே இருக்கிறது. கூடவே இண்டோல் இருக்கிறது. செறிவாக முகர்ந்தால் அந்துருண்டை, ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தால் மல்லிகைக் காற்று. மற்ற சென்ட்காரர்கள் சம்பங்கியைப் பயன்படுத்தும்போது தைல நெடியை வெண்ணெய் போன்ற இனிப்பால் மூடிவிடுவார்கள். ட்யூபெரூஸ் கிரிமினெல் அந்த நெடியைக் கூட்டிக் காட்டுகிறது. முதல் நிமிடத்தில் என் மூக்குக்குக் கோடாலித் தைலம், புது சைக்கிள் டியூப், கொஞ்சம் பெட்ரோல் பங்க். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய விசித்திரம் இல்லை இது, பூவின் சொந்தக் குணம். அதனால்தான் இந்த சென்ட்டை நான் மதிக்கிறேன்.

அந்த நெடி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில் ஊகத்துக்கு அதிக இடமில்லை. மீதைல் சாலிசிலேட்டின் மூலக்கூறு எடை 152. இவ்வளவு சிறிய மூலக்கூறு தோலின் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது. சென்னை வெயிலில் இன்னும் விரைவு. அப்புறம் நடப்பதுதான் அற்புதம்: தைலம் விலக விலக, பின்னால் இருந்த பூ ஒவ்வொரு இதழாகத் தெரியத் தொடங்கும். சம்பங்கி இரவில் மலர்ந்து விட்டில்களை அழைக்கும் பூ. ராத்திரி ஒன்பது மணிக்குத் தோட்டத்து வரப்பில் நின்றால் வரும் குளிர்ந்த, பச்சையான, சற்றே காரமான வாசத்தை வேறு எந்த சென்ட்டும் எனக்கு இவ்வளவு அருகில் கொண்டுவந்ததில்லை.

ஆனால் பாரிஸ்காரர்கள் எழுதும் விமர்சனங்களில் வராத ஒரு விஷயம் நமக்கு உண்டு. அவர்களுக்குத் தொல்லை முதல் இருபது நிமிடம் மட்டும்தான். நமக்கு அந்த நேரம் சுலபமாகப் போய்விடும், தைல வாசத்தோடு வளர்ந்தவர்கள்தானே. சிக்கல் அதற்குப் பின் வரலாம். சம்பங்கி நமக்கு மாலைப் பூ. மாப்பிள்ளை கழுத்திலும் சாமி கழுத்திலும் கிடக்கும், சாவு வீட்டிலும் கிடக்கும். ஒருமுறை இதைப் போட்டுக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றவர் சட்டென்று, “ஏன்டா, எங்கேயாவது துக்கத்துக்குப் போயிட்டு நேரா வர்றியா?” என்றார். அவர் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு அவர் முகம் மாறியது என் மனதிலிருந்து போகவேயில்லை. அதன்பின் யார் வீட்டுக்குப் போகும்போதும் இதைப் போடுவதில்லை. ஆபீஸில் இப்படி நடக்காது என்று உறுதி தர என்னால் முடியாது. ஆனால் ஏசி அறையில், ஒரே ஒரு தெளிப்பில், யாரும் அதைத் தொந்தரவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி குப்லாய் கானுக்கு வருகிறேன். பெயரிலேயே மஸ்க் இருக்கிறது, அதாவது கஸ்தூரி. கஸ்தூரி மானிடமிருந்து எடுத்த அசல் கஸ்தூரி இன்றைய சென்ட்களில் இல்லை. அந்த மான்கள் சட்டப்படி காக்கப்பட்டவை. ஆய்வகத்தில் செய்த கஸ்தூரி வாசங்களையும், கஸ்தூரி வெண்டை விதை போன்ற செடிச் சரக்கையும் வைத்துத்தான் இந்த வாசத்தைக் கட்டுகிறார்கள். குப்லாய் கானில் என் மூக்கு பிடிப்பது இவை: கஸ்தூரி வெண்டை விதையின் பேரிக்காய் போன்ற மென்மை, வாடத் தொடங்கிய ரோஜா, சீரகம், எண்ணெய் வைத்து இரண்டு நாள் குளிக்காத தலைமுடி, எல்லாவற்றுக்கும் அடியில் புனுகு.

புனுகு என்றதும் நீங்கள் மற்ற வாசகர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கிறீர்கள். பாரிஸில் இருப்பவருக்கு அது அருவருப்பான விலங்குச் சுரப்பி. நமக்கு அது திருப்பதி பெருமாளுக்குச் சாத்தும் தைலம். புனுகுப் பூனையிடமிருந்து எடுத்த உடனே முகர்ந்தால் யாருக்கும் குமட்டும். எண்ணெயில் நன்றாகக் கரைத்தபின் அது இனிப்பாக, கதகதப்பாக, ஏறக்குறைய பூவைப் போல மாறிவிடும். இண்டோலுக்குச் சொன்ன அதே கதைதான்: அளவுதான் வாசத்தையும் வீச்சத்தையும் பிரிக்கிறது. அந்த வாசத்துக்குக் காரணமான சிவெட்டோனின் அமைப்பை லியோபோல்ட் ருஷிச்கா 1926இல் கண்டுபிடித்தார். 17 கார்பன் அணுக்கள் கொண்ட வளையம் அது; அவ்வளவு பெரிய வளையம் இயற்கையில் நிலைத்திருக்காது என்று வேதியியலாளர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள். 1939இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வளையங்கள் மீதான வேலைக்குப் பங்குண்டு. கோயில் கர்ப்பக்கிருகத்தில் நிற்கும்போது எனக்கு அடிக்கடி இது ஞாபகம் வரும்.

சீரகமும் அப்படித்தான். ஐரோப்பிய மூக்குகள் பலவற்றுக்குச் சீரகம் என்றால் அக்குள் வியர்வை. நமக்கு ரசம். குப்லாய் கானைப் பற்றி நீங்கள் படித்த வசைகளில் ஒரு பகுதி இதிலிருந்து வருகிறது, அதை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ஆனால் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. கஸ்தூரி வாசங்களில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. மற்ற எல்லா வாசத்தையும் நன்றாகப் பிடிக்கும் மூக்குகூட, ஒரு குறிப்பிட்ட கஸ்தூரி மூலக்கூறுக்கு முழுக் குருடாக இருக்கலாம். பெரும்பாலும் பிறவியிலேயே வருவது இது. இந்தத் தொழிலில் இருப்பவர்களிலேயே இது சகஜம். ஆகவே கஸ்தூரி வாசம் கட்டும்போது நான்கைந்து வகையைக் கலப்பார்கள், ஒன்று தெரியாதவருக்கு இன்னொன்றாவது தெரியட்டும் என்று. ஒரே மூலக்கூறு ஆளுக்கு ஆள் மாறித் தெரிவதற்கும் சான்று இருக்கிறது. வியர்வையில் உள்ள ஆண்ட்ரோஸ்டீனோன் சிலருக்கு மூத்திர வாடை, சிலருக்கு வெனிலா போல இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதிக்கு OR7D4 என்ற ஒற்றை ஏற்பி மரபணு காரணம் என்று 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். குப்லாய் கானில் ஆண்ட்ரோஸ்டீனோன் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. லாயம் என்பவரும் குழந்தைக் கழுத்து என்பவரும் இருவருமே பொய் சொல்லாமல் இருக்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். குப்லாய் கானை முதன்முதலில் போட்ட நாளில் கால் மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டதாக நினைத்தேன். மெல்லிய ரோஜா, கொஞ்சம் சோப்பு, அவ்வளவுதான். ஏமாற்றத்தில் இன்னும் மூன்று தடவை தெளித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எதிரில் உட்காருபவர் பதினோரு மணிக்கு ஜன்னலைத் திறந்தார். மதியம் இன்னொருவர் தயங்கித் தயங்கி, “சார், மேலே ஏதாவது கொட்டிக்கிட்டீங்களா, கிடா வாடை அடிக்குது” என்றார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், என் மனைவி அதே சட்டையை எடுத்து முகர்ந்து, “பெருமாள் கோயில் மாதிரி இருக்கு” என்று சந்தோஷப்பட்டார். ஒரே சட்டை, ஒரே நாள். அணிந்திருந்த எனக்கு மட்டும் அதில் பாதி தெரியவேயில்லை. சட்டையைத் துவைத்துக் காயவைத்த பிறகும் வாசம் இருப்பதாகச் சொன்னார். பரவலாகப் பயன்படும் செயற்கைக் கஸ்தூரிகளில் ஒன்றான காலக்ஸோலைடின் மூலக்கூறு எடை 258, சிவெட்டோனுக்கு 250. முன்பு சொன்ன தைலத்தின் 152ஐ நினைத்துக்கொள்ளுங்கள். இவை அவசரப்பட்டுப் பறப்பதில்லை. துணியில் நாள்கணக்கில் உட்காரும்.

ஆக, இரண்டுக்கும் நடுவே நான் பார்க்கும் வேறுபாடு இது. ட்யூபெரூஸ் கிரிமினெல்லின் முரட்டுத்தனம் முதலில் உங்கள் மூக்கைத்தான் தாக்கும். உங்களுக்குத் தெரியும், இருபது நிமிடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம், அளவு கூடிவிட்டதா என்று நீங்களே சொல்லிவிடலாம். குப்லாய் கானின் முரட்டுத்தனம் உங்களுக்குத் தெரியாமலே போகலாம். சுற்றி இருப்பவர்கள் சுமப்பார்கள், அவர்களும் பெரும்பாலும் மரியாதைக்காக வாயைத் திறக்கமாட்டார்கள். முகராமலே வாங்கப்போகிறீர்கள், ஆபீஸுக்குப் போடப்போகிறீர்கள் என்ற உங்கள் நிலையில், ட்யூபெரூஸ் கிரிமினெல் வாங்கச் சொல்லுங்கள். தயக்கமில்லாமல் சொல்கிறேன். குப்லாய் கான் தாழ்ந்தது என்பதால் இல்லை. மனதார எனக்குப் பிடித்தது குப்லாய் கான்தான். மார்கழிக் காலையில், வீட்டில், பழைய பருத்தி வேட்டியோடு ஒரு சொட்டு வைத்துக்கொண்டால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதை முகராமல் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த யோசனை ஒரு இடத்தில் தலைகீழாக மாறும். கல்யாண மண்டபத்தில் சம்பங்கி மாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்குத் தலை வலிக்குமா? அல்லது அந்த வாசம் யாருடைய இழப்பையாவது நினைவுபடுத்துமா? வீட்டில் கூட இருப்பவர்களையும் இதைக் கேளுங்கள். ஆம் என்றால் ட்யூபெரூஸ் கிரிமினெல்லை விட்டுவிடுங்கள். நான் மேலே எழுதிய எந்தப் புகழ்ச்சியும் அதை ஈடுகட்டாது. குப்லாய் கானையும் அப்படியே வாங்கிவிடாதீர்கள். சாம்பிள் கிடைத்து ஒரு வாரம் போட்டுப் பார்க்கும் வரை பொறுங்கள்.

உறுதியில்லாத விஷயங்களையும் சொல்கிறேன். ‘உங்கள் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்ப சென்ட் மாறும்’ என்று பலர் எழுதுகிறார்கள். காய்ந்த தோலில் வாசம் சீக்கிரம் போவதையும், சூடான தோலில் வேகமாக எழும்புவதையும் நானே பார்த்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் அது வேறு சென்ட்டாகவே மாறிவிடும் என்பதை நான் நம்புவதில்லை. மாறுவது பெரும்பாலும் முகர்பவரின் மூக்கு. பழைய பாட்டில் முரடாக இருந்தது, புதியது மென்மையாகிவிட்டது என்றும் படித்திருப்பீர்கள். மூலப்பொருள் கட்டுப்பாடுகள் இந்த இருபத்தைந்து வருடத்தில் இறுகியிருப்பது உண்மை.  ஆனால் பத்து வருடம் அலமாரியில் இருந்த பாட்டிலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வேறுபாடு ஃபார்முலாவால்தான் வந்தது என்று சொல்வது கடினம். வயதானாலே வாசம் மாறும். சம்பங்கி வாசத்தை ஓர் ஆண் போடலாமா என்ற உங்கள் தயக்கத்துக்கு ஒரு வரி போதும்: மாப்பிள்ளை கழுத்து மாலையை யாரும் பெண்பிள்ளை வாசம் என்று சொல்வதில்லை.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், பெரிய செலவில்லை. சாயங்காலம் பத்து ரூபாய்க்கு உதிரிச் சம்பங்கி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் பிரித்து, கையின் மறுபக்கம் ஒரு சொட்டுக் கோடாலித் தைலம் தடவி, இரண்டையும் மாறி மாறி முகருங்கள். தைலத்துக்குள் பூவும் பூவுக்குள் தைலமும் தெரிந்துவிட்டால் அந்தச் சென்ட்டின் எலும்புக்கூடு உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. குப்லாய் கானுக்கு, நாட்டு மருந்துக் கடையில் கஸ்தூரி வெண்டை விதை கேளுங்கள். ஒரு சிட்டிகையை நசுக்கி, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து முகருங்கள். உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால், மஸ்க் விஷயத்தில் உங்கள் மூக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அது ஒரு குறிப்பு. கடையில் புனுகு என்று விற்பது பெரும்பாலும் அசலாக இருக்காது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள். கடையில் ட்யூபெரூஸ் கிரிமினெல்லை இடது முன்கையில் ஒரு தடவை, குப்லாய் கானை வலது முன்கையில் ஒரு தடவை தெளித்துக்கொள்ளட்டும். அங்கேயே முடிவு செய்யாமல் வெளியே வந்து, தோட்டத்து மரங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடக்கட்டும். குளிர்காலம் என்பதால் தைல நெடி சென்னையைவிட அதிக நேரம் நிற்கும், பயப்பட வேண்டாம். பிறகு இடது கையை அவரே முகரட்டும், வலது கையைக் கூட வந்தவர் யாராவது முகரட்டும். அவர் உங்களோடு வளர்ந்தவர், அதே வீட்டு மாலையும் அதே ரசமும் அவர் மூக்கிலும் இருக்கிறது. அவர் சொல்வதற்கு என் இருபது வருட அனுபவத்தைவிட அதிக மதிப்புக் கொடுங்கள். வாங்கிய பாட்டிலைப் பெட்டியோடு, துணிக்கு நடுவே வைத்து எடுத்து வரட்டும். இங்கே வந்ததும் குளியலறை அலமாரியில் வைக்காமல், வெளிச்சம் படாத அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். முதல் வாரம் காலையில் எழுந்ததும் சட்டைக்கு உள்ளே, மார்பில், ஒரே ஒரு தெளிப்பு. குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும் வழக்கம் என்றால் குளித்த உடனே போட்டுக்கொண்டு அப்புறம் சாப்பிட உட்காருங்கள். இட்லி முடியும்போது தைலம் போயிருக்கும், பூ வந்திருக்கும்.